போர்மேன் (பட்டாசு ஆலை)

பட்டாசு ஆலையில் மருந்துக் கலவை, நிரப்புதல், உலர்த்தல் ஆகிய வேலைகளை நேரில் மேற்பார்க்கும் பொறுப்பாளர். ஏழாயிரம்பண்ணை, வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசி வட்டாரங்களில் உரிமையாளருக்கும் தொழிலாளருக்கும் இடையில் நிற்பவர் இவரே.

வெடிபொருள் விதிகள், 2008 இப்பணிக்கு அடிப்படை. உற்பத்தி அறையில் 4 பேருக்கு மேல் இராமல் பார்ப்பதும், கலந்த மருந்தை மிச்சம் வைக்காமல் அன்றே தீர்ப்பதும் முதன்மைக் கடமைகள். மிஞ்சிய மருந்து ஈரம் பட்டால் வேதிவினையால் சூடேறித் தானே தீப்பற்றக்கூடும். உராய்வும் அதே அளவு ஆபத்தானது. தீபாவளி நெருங்குகையில் துண்டுக்கூலி முறை வேகத்தைத் தூண்டும். அப்போது வேலையை நிறுத்தச் சொல்லும் துணிவே நல்ல போர்மேனின் முதல் தகுதி. சான்றிதழ் அதற்கு அடுத்ததுதான்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 38 பேர் இறந்தனர். 2021 பிப்ரவரி 12 அன்று, ஏழாயிரம்பண்ணையை அடுத்த அச்சங்குளத்தில் நடந்த இன்னொரு ஆலை வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அச்சங்குளம் ஆலை உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. உள்குத்தகையில் ஒரே ஆலைக்குள் பலர் தனித்தனியே வேலை நடத்துவதால், போர்மேனின் சொல் செல்லுபடியாவதில்லை. உரிம நிபந்தனைகள் உள்குத்தகையைத் தடை செய்கின்றன.