செல்போன் விளையாட்டும் அரிவாளும்



"செல்லுல சுட்டு விளையாடுற பய நாளைக்கு நெசமாவே வெட்டுக்குத்துல எறங்கிருவான் சார்" என்று இங்கே அழகர்கோவிலில் பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

இந்தப் பயம் புதிதல்ல. சினிமா வந்தபோதும் இளைஞர்கள் கெட்டுப்போவார்கள் என்றார்கள். அதை விசாரிக்க வெள்ளைக்கார அரசு 1927இல் ஒரு குழு அமைத்தது. தலைவர் நம் சென்னை வக்கீல் டி. ரங்காச்சாரியார். 353 சாட்சிகளைக் கேட்டு 1928இல் அறிக்கை கொடுத்தார்கள். அதன் பிறகும் பேச்சு நிற்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ரஜினி படம் பார்த்தால் பையன் சிகரெட் பிடிப்பான் என்றார்கள், அது வேறு கதை!

வீடியோ கேம் மீதான முதல் பெரிய சண்டை 1976இல் அமெரிக்காவில் 'டெத் ரேஸ்' என்ற ஆட்டத்தால் வந்தது. வன்முறை கேம்களைச் சிறுவருக்கு விற்கக் கூடாது என்று கலிபோர்னியா போட்ட சட்டத்தை, 2011இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் தள்ளிவிட்டது. அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் சொன்னது எனக்கு நியாயமாகப் படுகிறது: இவ்வகை கேம்களுக்கும் கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்துக்கும் சிறிய தொடர்பு உண்டு, ஆனால் கொலை, வெட்டு அளவுக்குப் போவதற்கு இதுதான் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை.

நம் நாட்டில் 2019 மார்ச்சில் ராஜ்கோட் போலீஸ் பப்ஜிக்குத் தடை போட்டு, விளையாடிய பையன்களைக் கைதும் செய்தது. 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு பப்ஜி உட்பட 118 செயலிகளை முடக்கியது. வன்முறைக்காக என்று பலர் நினைக்கிறீர்கள். இல்லை, நாட்டின் பாதுகாப்பு, தகவல் திருட்டு என்பதுதான் சொன்ன காரணம். மறுவருடமே வேறு பெயரில் திரும்பி வந்துவிட்டது.

ராத்திரி இரண்டு மணிவரை விளையாடிவிட்டு வகுப்பில் தூங்கும் பிள்ளையைப் பற்றி எனக்கும் கவலை உண்டு. கண், தூக்கம், படிப்பு எல்லாம் போகிறது. அதை அதட்டிச் சொல்லுங்கள், தப்பில்லை.

ஆனால் நம் தெற்குச் சீமையில் பிள்ளைகள் அரிவாள் எடுத்ததற்கு வருவோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியது கூடப் படித்த பையன்கள். காரணம் சாதி. அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர் கையில் கலர்க் கயிறு கட்டக் கூடாது, பள்ளிப் பெயரில் சாதி இருக்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. எல்லோர் கையிலும் செல்போன் வருவதற்கு முன்பே அந்தக் கயிறுகளை வகுப்பில் நான் பார்த்திருக்கிறேன். கழற்றச் சொன்னால் மறுநாள் தகப்பனார் வந்து நிற்பார்.

போனை வாங்கிப் பார்க்கும்போது பிள்ளையின் மணிக்கட்டையும் ஒரு தடவை பாருங்கள். யார் கட்டிவிட்டது என்று கேட்டு, அவன் சொன்ன பதிலை இங்கே கீழே எழுதுங்கள்.