வழிநடைக் காப்பி: நம் முன்னோர் சுமந்து வந்த சுவை



சென்ற பள்ளி விடுமுறைக்குச் சில நாள்களுக்கு முன் பெற்றோர் ஒருவர் என்னிடம் வந்தார். அவர் மோட்டார்ஹோம் எனப்படும் வீட்டுவண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து, குடும்பத்தோடு ஜார்ஜ்டவுனிலிருந்து கேமரன் மலைக்குப் புறப்படவிருந்தார். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வண்டிக்குள்ளேயே உண்டாம். "எல்லாம் சரி ஐயா, காலையில் நல்ல காப்பிக்கு என்ன செய்வது? மின்சாரத்தில் இயங்கும் இயந்திரம் ஒன்று வாங்கட்டுமா?" என்று கேட்டார்.

"உங்கள் அம்மா வீட்டில் பழைய பித்தளை ஃபில்டர் இருக்கிறதா?" என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். நான் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. பயணத்தில் காப்பி போடும் கலை நமக்குப் புதிதன்று. காப்பி நம்மிடம் வந்ததும், நாம் இந்நாட்டுக்கு வந்ததும் பயணத்தால்தான். அந்த வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

ரப்பருக்கு முன் காப்பி

பதினேழாம் நூற்றாண்டில் பாபா புதான் என்னும் இசுலாமிய ஞானி, மக்காவுக்குப் புனிதப் பயணம் சென்று திரும்புகையில், ஏமன் நாட்டிலிருந்து ஏழு காப்பி விதைகளைக் கொண்டு வந்து கருநாடகத்தின் சிக்மகளூர் மலையில் நட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இந்திய மண்ணில் காப்பியின் கதையே ஒரு பயணியின் மடியிலிருந்துதான் தொடங்குகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இலங்கையின் கண்டி மலைப்பகுதியில் பெருந்தோட்டங்களை அமைத்துக் காப்பி பயிரிட்டனர். அங்கு வேலை செய்யத் தமிழகத்திலிருந்து மக்கள் படகேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மலைநாட்டை அடைந்தனர். பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டோர் ஆயிரக்கணக்கானோர். நாம் காலையில் சுவைத்துக் குடிக்கும் பானத்தின் அடியில் இந்தக் கசப்பும் படிந்திருக்கிறது.

1869-ஆம் ஆண்டு இலங்கையில் காப்பி இலைத் துருநோய் தோன்றியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காப்பித் தோட்டங்கள் அழிந்து, அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. நட்டமடைந்த தோட்டக்காரர் சிலர் மலாயாவுக்கு வந்து பேராக், சிலாங்கூர் முதலிய மாநிலங்களில் காப்பி பயிரிட்டனர். தாழ்நில வெப்பத்தைத் தாங்கும் லைபீரிக்கா வகைக் காப்பி இங்குப் பரவியது. அத்தோட்டங்களிலும் உழைத்தோர் பெரும்பாலும் தமிழர்களே. 1890-களின் பிற்பகுதியில் பிரேசில் நாட்டின் மிகை விளைச்சலால் உலகச் சந்தையில் காப்பி விலை சரிந்தது. அதன் பிறகே ரப்பர் மரங்கள் காப்பிச் செடிகளின் இடத்தைப் பிடித்தன.

நம் மாணவர்களிடம் "உங்கள் முன்னோர் எதற்காக மலாயாவுக்கு வந்தார்கள்?" என்று கேட்டால், "ரப்பர் மரம் சீவ" என்று ஒரே குரலில் விடை வரும். அது பிழையன்று, ஆனால் முழுமையுமன்று. ரப்பருக்கு முன் செபராங் பிறையில் கரும்பு இருந்தது. பேராக்கிலும் சிலாங்கூரிலும் காப்பி இருந்தது. அந்தத் தலைமுறைகளை நாம் மறந்துவிடலாகாது.

கப்பலேறிய ஃபில்டர்

பயிரிட்டவர் வேறு, பருகியவர் வேறு என்பதே அக்கால நிலை. தமிழகத்தில் காப்பி குடிக்கும் பழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் நடுத்தரக் குடும்பங்களில் வேரூன்றியது. காலையில் நீராகாரம் அருந்தி வந்த இடத்தில் காப்பி புகுந்ததைக் கண்டு பெரியவர்கள் பலர் மனம் வருந்தினர். ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் நூலில் இம்மாற்றத்தைச் சுவைபட விளக்கியுள்ளார்.

அப்பழக்கத்தோடு வளர்ந்ததுதான் ஃபில்டர். மேலடுக்கில் துளைகள், கீழடுக்கில் டிகாஷன். அதற்கு மின்சாரம் வேண்டா. அழுத்தமான நீராவியும் வேண்டா. கொதித்த நீரும் புவியீர்ப்பும் போதும். உடையாது, துணி மூட்டைக்குள் அடங்கும். பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவி ஏது?

1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல், 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று தமிழர்களை ஏற்றிச் சென்றது. அதன் மேல்தளத்தில் பாய் விரித்து வந்தவர்களின் பெட்டிகளில் பித்தளைப் பாத்திரங்கள் இருந்தன. நம் வீட்டுப் பரண்களில் இன்று கறுத்துக் கிடப்பவை அவற்றுள் சிலவாக இருக்கலாம்.

காப்பி, கோப்பி ஆனது

பினாங்கில் வந்திறங்கிய காப்பி இங்கே 'கோப்பி' ஆயிற்று. சீனரின், குறிப்பாக ஹைனான் சமூகத்தாரின், கோப்பிக் கடைகளில் கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுத்தனர். வடிகட்ட நீண்ட துணிப்பையைப் பயன்படுத்தினர். பாலில்லாமல் சர்க்கரை மட்டும் சேர்த்தால் 'கோப்பி ஓ'. 'ஓ' என்பது ஹொக்கியன் மொழியில் கறுப்பு.

பாலின் கதையும் பயணத்தின் கதைதான். இங்கே மாடு வளர்த்துப் பால் விற்ற தமிழர்கள் இருந்தார்கள். ஆயினும் குளிர்பதனப் பெட்டி இல்லாத அக்காலத்தில், வெப்ப நாட்டில் பால் சில மணி நேரத்தில் திரிந்துவிடும். அமெரிக்கரான கெயில் போர்டன் 1856-இல் காப்புரிமை பெற்ற கெட்டிப்பால் இச்சிக்கலைத் தீர்த்தது. இன்று நெஸ்லே என நாம் அறியும் நிறுவனம், 1912-இல் ஆங்கிலோ-சுவிஸ் கெட்டிப்பால் நிறுவனம் என்னும் பெயரில் மலாயாவில் தொழில் தொடங்கிய இடம் நம் பினாங்குதான். அதே நிறுவனம் 1938-இல் சுவிட்சர்லாந்தில் உடனடிக் காப்பித்தூளை வெளியிட்டது. பிரேசிலில் தேங்கிக் கிடந்த காப்பிக்கு வழி தேடியதன் விளைவே அது. மலாயாவின் காப்பித் தோட்டங்களை வீழ்த்திய அதே மிகை விளைச்சல், பிற்காலத்தில் பயணிகளின் பையில் தூளாக வந்து சேர்ந்தது!

தோட்டத்துத் தொழிலாளிக்கோ இவையெல்லாம் எட்டாப் பொருள்கள். விடியலில் பெரட்டுக்கு நின்று, போத்தலில் வரக்கோப்பியை எடுத்துக்கொண்டு பால்மரக் காட்டுக்குச் சென்றதை நம் பெரியவர்கள் இன்றும் சொல்வதுண்டு. ஆறிப்போன அந்தக் கோப்பியே நம் இனத்தின் உண்மையான வழிநடைக் காப்பி.

வீட்டுவண்டியில் நல்ல காப்பி

இனி, அந்தப் பெற்றோருக்கு நான் எழுதிக் கொடுத்த குறிப்புகள்:

1. வண்டி ஓடும்போது அடுப்பு மூட்டலாகாது. சமமான தரையில் நிறுத்திய பின்பே தொடங்குக. வண்டி சாய்ந்திருந்தால் ஃபில்டரில் நீர் ஒரு பக்கமாக இறங்கி டிகாஷன் நீர்த்துவிடும். எரிவாயு அடுப்பு எரியும்போது சன்னலைத் திறந்து வைத்தல் கட்டாயம்.

2. இரவு உறங்குமுன் தூளை இட்டு, மெல்ல அழுத்தி, கொதிநீர் ஊற்றி மூடிவிடுக. விடியலில் டிகாஷன் அணியமாக இருக்கும். சிக்கரி கலந்த தூள் கெட்டியான டிகாஷன் தரும். ஆனால் உறையைப் படித்து வாங்குக. இந்திய விதிப்படி அத்தகைய கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது.

3. மலையில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரமுள்ள தானா ராத்தாவில் 95 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். ஆகவே அங்கே நீரை ஆறவிடாமல் உடனே ஊற்றுக.

4. துணிப்பையில் வடிப்பவர்கள் அதைச் சோப்பு போட்டுக் கழுவவேண்டா, வாசம் தங்கிவிடும். வெந்நீரில் அலசி, காற்றோட்டத்தில் நன்கு உலர்த்துக. மூடிய வண்டிக்குள் ஈரமாக விட்டால் பூஞ்சை பிடிக்கும்.

5. தூளைக் காற்றுப் புகாத டப்பாவில் வைக்கவும். திறந்த கெட்டிப்பாலைத் திருகுமூடிச் சாடிக்கு மாற்றிவிடுக. இல்லையேல் எறும்புகளும் உடன் பயணம் செய்யும்.

விடுமுறை முடிந்ததும் அவர் மீண்டும் வந்தார். இயந்திரம் வாங்கவில்லையாம். ஃபில்டர் கேட்கப் போன இடத்தில் அவர் தாயாரும், "நானும் வருகிறேன்" என்று வண்டியில் ஏறிவிட்டாராம். மலையில் முதல் நாள் காலை அம்மூதாட்டியே காப்பி கலந்து, தம் தகப்பனார் வேலை செய்த தோட்டத்தைப் பற்றிப் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னாராம். "அந்தக் கதையை நானே அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன் ஐயா" என்றபோது அவர் குரல் சற்றுத் தழுதழுத்தது.

ஆசிரியப் பெருமக்களே, வரலாற்றுப் பாடத்திற்கு இதனை ஒரு சிறு பணியாகக் கொடுத்துப் பாருங்கள். வீட்டில் உள்ள பழைய பாத்திரம் ஒன்றைக் காட்டி, "இது எப்படி நம் வீட்டுக்கு வந்தது?" என்று மூத்தோரிடம் கேட்டு மாணவர்கள் பத்து வரி எழுதி வரட்டும். பெற்றோர்களே, அந்த விடையைச் சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள். விரைந்து கேளுங்கள்.