ஓவெம்ப் சோதனை

ஓவெம்ப் சோதனை என்பது உட்செவியில் உள்ள சமநிலை உறுப்புகளின் செயற்பாட்டை, கண் தசைகளில் தோன்றும் மின் துலங்கல்களைக் கொண்டு அறியும் ஒரு மருத்துவச் சோதனை ஆகும். தலைச்சுற்றல், தள்ளாட்டம் ஆகியவற்றின் காரணத்தைக் கண்டறிய இது உதவுகிறது.

அடிப்படை

உட்செவியில் கேட்டலுக்கான காக்ளியாவுடன் சமநிலைக்கான ஐந்து உறுப்புகளும் உள்ளன. மூன்று அரைவட்டக் கால்வாய்கள் தலையின் சுழற்சியை உணர்கின்றன. யூட்ரிக்கிள், சாக்கியூல் எனப்படும் இரண்டு பைகள் நேர்கோட்டு அசைவையும் ஈர்ப்பு விசையின் திசையையும் உணர்கின்றன. உரத்த ஒலியும் அதிர்வும் இப்பைகளைத் தூண்ட வல்லவை.

தலை அசையும்போது பார்வை நிலைத்திருக்க, சமநிலை உறுப்புகள் மூளைத்தண்டின் வழியாகக் கண் தசைகளை இயக்குகின்றன. இந்த அனிச்சைச் செயலே சோதனையின் அடிப்படை. யூட்ரிக்கிளில் எழும் குறிப்பலை, மேல் வேஸ்டிபுலர் நரம்பு வழியாக மூளைத்தண்டை அடைந்து, எதிர்ப்பக்கக் கண்ணின் கீழ்ச் சாய்தசைக்குச் செல்கிறது. ஆகவே வலச் செவியின் நிலையை இடக் கண்ணின் கீழ் அளக்க வேண்டும்.

செய்முறை

கண்ணுக்குக் கீழே தோலின் மீது மின்முனைகள் ஒட்டப்படுகின்றன. சோதிக்கப்படுபவர் மேல்நோக்கிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்போது கீழ்ச் சாய்தசை இறுகி, தோலுக்கு அருகில் வருகிறது. பின்னர் செவிக்குள் சுமார் 500 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட குறுகிய ஒலித் துடிப்புகள் செலுத்தப்படும், அல்லது நெற்றியில் அதிர்வு கொடுக்கப்படும்.

துலங்கல் சில மைக்ரோவோல்ட் அளவே இருப்பதால், பல துடிப்புகளுக்கான பதிவுகளின் சராசரி எடுக்கப்படுகிறது. ஏறத்தாழ 10 மில்லிநொடியில் ஓர் எதிர்மின் உச்சமும், 15 மில்லிநொடி அளவில் ஒரு நேர்மின் உச்சமும் தோன்றும். இத்துலங்கல் கேட்டலைச் சார்ந்ததன்று. காக்ளியா செயலிழந்தவரிடமும் சமநிலை உறுப்பு நலமாக இருந்தால் இது கிடைக்கக்கூடும்.

வரலாறு

ஒலியால் சமநிலை உறுப்பு தூண்டப்படுவதை இத்தாலிய அறிவியலாளர் பியெத்ரோ தூலியோ 1929இல் புறாக்களைக் கொண்டு விளக்கினார். 1992இல் கோல்பாட்ச், ஹல்மாகி ஆகியோர் கழுத்துத் தசையில் பதிவு செய்யும் சிவெம்ப் முறையை விவரித்தனர். இது சாக்கியூலையும் கீழ் வேஸ்டிபுலர் நரம்பையும் சோதிப்பது. கண் தசைத் துலங்கலை ரோசன்கிரென், டாட், கோல்பாட்ச் ஆகியோர் 2005இல் வெளியிட்டனர்.

பயன்கள்

* மேல் அரைவட்டக் கால்வாயின் மீதுள்ள எலும்பில் திறப்பு ஏற்படும் நோய் 1998இல் விவரிக்கப்பட்டது. இதில் உரத்த ஒலி கேட்டாலே தலை சுற்றும். சிலருக்குத் தம் கண் அசைவின் ஓசையே காதில் கேட்கும். இத்தகையோரிடம் ஓவெம்ப் துலங்கல் இயல்பைவிட மிகப் பெரிதாக இருக்கும். நம்புதற்கரியனவாகத் தோன்றும் இவ்வறிகுறிகளுக்கு இது அளவிடத்தக்க சான்றாகிறது.
* மேல் வேஸ்டிபுலர் நரம்பு அழற்சியில் ஓவெம்ப் குறைந்தோ மறைந்தோ போக, சிவெம்ப் இயல்பாக இருக்கலாம். இவ்வேறுபாடு பாதிக்கப்பட்ட நரம்புக் கிளையைக் காட்டுகிறது.

வரையறைகள்

நடுச்செவியில் தடை இருந்தால் காற்றுவழி ஒலி உட்செவியைப் போதிய அளவு எட்டாது; அப்போது துலங்கல் இல்லாமை சமநிலை உறுப்பின் பழுது ஆகாது. இவர்களுக்கு எலும்புவழி அதிர்வு பயன்படுத்தப்படுகிறது. முதுமையில் துலங்கல் இயல்பாகவே குறையும். ஒலி மிக உரத்ததாகையால், செவிக்குத் தீங்கு நேராதவாறு அதன் அளவும் கால அளவும் கட்டுப்படுத்தப்பட வேண்டும். கிடைநிலை அரைவட்டக் கால்வாயை இச்சோதனை அளவிடாது. எனவே இதன் முடிவு பிற சமநிலைச் சோதனைகளுடன் சேர்த்தே பொருள் கொள்ளப்படுகிறது.