கனிஷ்கா: ஒரு மாணவனுக்கு நான் தர வேண்டிய பதில்



இன்று ஜூன் 23. காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது டொராண்டோவில் இருக்கும் என் பழைய மாணவன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். ஏரிக்கரைப் பூங்காவில் ஒரு நினைவிடம். கீழே ஒரு வரி: "டீச்சர், அன்னைக்கு நான் கேட்ட கேள்விக்கு நீங்க சொன்ன பதில் தப்பாப் போச்சு."

எனக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. 1985. அப்போது எனக்கு 24 வயது. பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்த புதிது. ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் தலத்தெரு வீட்டுத் திண்ணையில் அப்பா வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். கனடாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஏர் இந்தியா விமானம் அயர்லாந்து பக்கம் கடலில் விழுந்துவிட்டது என்று செய்தி. மறுநாள் வகுப்பில் அதைச் சொன்னேன். குண்டாக இருக்கலாம் என்று பேசிக்கொள்கிறார்கள் என்றும் சொன்னேன். ஐந்தாம் வகுப்பு, முதல் பெஞ்ச். இவன்தான் எழுந்து கேட்டான். "டீச்சர், வச்சவங்களப் பிடிச்சிடுவாங்களா?"

"பிடிச்சிடுவாங்கப்பா, கனடா பெரிய நாடு" என்றேன்.

நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. சரியான பதிலை இன்றாவது எழுதிவிடுகிறேன். மற்ற பிள்ளைகளும் படியுங்கள்.

அந்த விமானத்தின் பெயர் கனிஷ்கா. போயிங் 747, ஜம்போ ஜெட். டொராண்டோ, மான்ட்ரியால், லண்டன் வழியாக டெல்லி, பம்பாய் வரவேண்டியது. சுமார் 31,000 அடி உயரத்தில் வெடித்தது. இருந்த 329 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. எண்பதுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். கனடாவில் கோடை விடுமுறை தொடங்கும் நேரம். தாத்தா பாட்டியைப் பார்க்கக் கிளம்பிய பிள்ளைகள். கிடைத்த உடல்கள் 131 மட்டுமே.

குண்டு எப்படி ஏறியது தெரியுமா? முதல் நாள் வான்கூவர் விமான நிலையத்தில் ஒருவர் பெட்டியைக் கொடுத்தார். டொராண்டோ வரைதான் அவருக்கு இடம் உறுதி. அதற்கு மேல் ஏர் இந்தியாவில் காத்திருப்புப் பட்டியல். அப்படியிருந்தும் பெட்டியை நேராக டெல்லிக்கே அனுப்பச் சொல்லி வாதாடினார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போக, கவுண்டரில் இருந்த பெண் ஒத்துக்கொண்டார். பெட்டி போனது, அவர் ஏறவில்லை. டொராண்டோவில் பெட்டிகளைச் சோதிக்கும் எக்ஸ்ரே இயந்திரம் அன்று பாதியில் பழுதாகிவிட்டது.

அதே நாளில் அதே ஊரிலிருந்து இன்னொரு பெட்டி ஜப்பானுக்குப் போனது. அதுவும் ஓர் ஏர் இந்தியா விமானத்துக்கு மாற வேண்டிய பெட்டி. டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்தில் வெடித்தது. சுமை தூக்கும் தொழிலாளர் இருவர் இறந்தார்கள். கனிஷ்கா வெடித்தது அதற்கு ஒரு மணி நேரத்துக்குள்.

ஆளில்லாத பெட்டி ஆபத்து என்பது அதற்கு முன் யாருக்கும் தெரியாதா? நம் ஊரிலேயே நடந்திருந்தது. 1984 ஆகஸ்ட் 2 இரவு சென்னை மீனம்பாக்கத்தில் ஏறக்குறைய 30 பேரைக் கொன்றதும் பயணி ஏறாமல் விட்டுப்போன பெட்டிதான். ஏர் லங்கா விமானத்துக்கு வைத்த குறி. வைத்தது ஈழத்தின் பெயரைச் சொன்ன ஒரு சிறு குழு. இறந்தவர்களில் பலர் இலங்கையர். இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அடுத்தவர் செய்ததை மட்டும் எழுதினால் அது சரித்திரம் ஆகாது.

நம் காரைக்காலில் பிரான்சுக்குப் போகிறவர்களை அனுப்பிய வீடுகளுக்குத் தெரியும். பெட்டியில் பெயின்டால் பெயரும் விலாசமும் எழுதி, கயிறு போட்டுக் கட்டி, "பெட்டி பத்திரம், பெட்டி பத்திரம்" என்று பத்துத் தடவை சொல்வோம். ஆளும் பெட்டியும் சேர்ந்தே போகவேண்டும் என்ற விதி இறுகுவதற்கு இத்தனை உயிர்கள் போகவேண்டியிருந்தது. 1988இல் லாக்கர்பியில் 270 பேர் இறந்ததும் ஆளில்லாத பெட்டியால்தான். இன்று ஒரு பயணி வரவில்லை என்றால் அவர் பெட்டியைத் தேடி இறக்கிய பிறகே விமானம் கிளம்புகிறது. தாமதம் என்று சலித்துக்கொள்ளாதீர்கள்.

இனி அவன் கேட்ட கேள்வி.

1984இல் பஞ்சாபிலும் டெல்லியிலும் நடந்த கொடுமைகளுக்குப் பழிவாங்க, கனடாவில் இருந்த ஒரு தீவிரவாதக் குழு இதைச் செய்தது. தலைவன் தல்விந்தர் சிங் பர்மார். கனடா உளவுத் துறை அவனைக் குண்டுவெடிப்புக்கு முன்பே கண்காணித்துக்கொண்டிருந்தது. அவன் தொலைபேசிப் பேச்சுகளைப் பதிவும் செய்தது. பிறகு அந்த நாடாக்களில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை அதுவே அழித்துவிட்டது! பர்மார் 1992இல் பஞ்சாபில் போலீசாரால் கொல்லப்பட்டான். அவன் மீது இந்த வழக்கின் விசாரணை நடக்கவே இல்லை.

சாட்சி சொல்ல வேண்டியவர்களில் ஒருவர் தாரா சிங் ஹேயர், பத்திரிகை ஆசிரியர். அவரும் சீக்கியர்தான். 1988இல் சுட்டதில் நடக்க முடியாமல் போனார். அப்போதும் எழுதுவதை நிறுத்தவில்லை. 1998இல் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். ஒரு சமூகத்தையே குற்றவாளியாகப் பேசுகிறவர்கள் இவரை நினைத்துக்கொள்ளட்டும்.

ஜப்பான் போலீசார் வேறுமாதிரி. நரிட்டாவில் சிதறிய சின்னச் சின்னத் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டிப் பார்த்தார்கள். ஒரு சான்யோ ரேடியோ டியூனர் என்று தெரிந்தது. அது கனடாவில் டங்கன் என்ற சிற்றூர்க் கடை வரை கொண்டுபோய் விட்டது. அந்த ஊர் மெக்கானிக் இந்தர்ஜித் சிங் ரேயாத் 1991இல் பத்தாண்டு தண்டனை பெற்றான். கனிஷ்கா வழக்கில் 2003இல் குற்றத்தை ஒத்துக்கொண்டு ஐந்தாண்டு. பிறகு நீதிமன்றத்தில் பொய் சொன்னதற்கு ஒன்பதாண்டு. 2016இல் சிறையிலிருந்து வெளியே வந்துவிட்டான். இத்தனை உயிர்களுக்கும் தண்டனை பெற்றவன் அவன் ஒருவன்தான்.

மற்ற இருவர், ரிபுதமன் சிங் மாலிக், அஜாய்ப் சிங் பாக்ரி, 2005 மார்ச் 16 அன்று விடுதலையானார்கள். சாட்சிகளை நம்ப முடியவில்லை என்றார் நீதிபதி. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பேப்பரில் எழுதாத விடைக்கு நாம் மதிப்பெண் போட முடியுமா? இல்லாத சான்றுக்குத் தண்டனை கொடுக்கவும் முடியாது. தவறு அதற்கு இருபது வருடம் முன்னால், அந்த நாடாக்களை அழித்த கையில் இருக்கிறது.

இன்னொன்று மனதைக் குடைகிறது. இறந்தவர்களில் 268 பேர் கனடாக் குடிமக்கள். ஆனால் அந்த நாட்டுப் பிரதமர் மல்ரோனி ஆறுதல் சொல்லத் தொலைபேசியில் அழைத்தது நம் ராஜீவ் காந்தியை! சொந்தப் பிள்ளைகளின் சாவை அயல் வீட்டுச் சாவாக நினைத்தார்கள். விசாரணை மெத்தனமானதற்கு இதுவும் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

விடாமல் நின்றது குடும்பங்கள்தான். அவர்கள் கேட்டுக் கேட்டுத்தான் 2006இல் நீதிபதி ஜான் மேஜர் தலைமையில் விசாரணை ஆணையம் வந்தது. அரசின் தவறுகளை 2010இல் அது வரிசையாக எடுத்துச் சொன்னது. அந்த ஆண்டுதான் பிரதமர் ஹார்ப்பர் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டார். சம்பவம் நடந்து 25 வருடம் கழித்து.

அந்தக் குடும்பத்தினரில் ஒருவர் லதா பாதா, பரதக் கலைஞர். நம் திருவிடைமருதூர் நட்டுவனார் மரபில் பம்பாயில் பயின்றவர். கணவரையும் இரண்டு மகள்களையும் அந்த விமானத்தில் இழந்தார். மீண்டும் சலங்கை கட்டினார். கனடாவில் நடனக் குழு தொடங்கினார். தன் துக்கத்தையே ஒரு நாட்டிய நாடகமாக ஆடினார்.

தம்பி, உன் கேள்விக்குப் பதில் இதுதான். செய்தவர்களில் ஒருவனை மட்டும் தண்டிக்க முடிந்தது. அதுவும் யாரோ சில போலீசார் தரையில் குனிந்து துண்டு பொறுக்கியதால். அன்றைக்கு நான் நாட்டின் பெருமையைப் பார்த்து விடை சொன்னேன். தப்புதான்.

அடுத்த முறை அந்த ஏரிக்கரைக்குப் போகும்போது என் சார்பில் இரண்டு பூ வைத்துவிட்டு வா. உன் பிள்ளைகளையும் கூட்டிப்போ. அவர்கள் கேட்டால் முழுசாகச் சொல்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
தலத்தெரு, காரைக்கால்.