மொழி கற்று உயர்ந்த படைவீரர்: சர் ஜான் மால்கம்

பெங்களூர்க் கண்டோன்மெண்டிலும் அல்சூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் பட்டாளத்தைத் தொடர்ந்து இங்கு வந்தவை என்பது நாமறிந்ததே. அப்பட்டாளம் மைசூர் நாட்டில் காலூன்றத் துணைநின்ற ஒருவரின் வரலாற்றை இங்கு நினைவுகூர விழைகின்றோம்.

ஸ்காட்லாந்தில் 1769இல் பிறந்த ஜான் மால்கம், பெற்றோரின் 17 மக்களுள் ஒருவர். 1783இல், சிறு வயதிலேயே, கம்பெனிப் படையில் பணிபுரியச் சென்னை வந்து சேர்ந்தார். இளமை விளையாட்டிலும் வேட்டையிலும் கழிந்தது, கடனும் பெருகிற்று. பின்னர் மனந்திருந்திப் பாரசீக மொழியைக் கற்றார். அக்கல்வியே அவரை உயர்த்தியது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையின்போது, நிஜாமின் படையுடன் இருந்த ஆங்கிலப் பிரிவுக்கு மொழிபெயர்ப்பாளராக அமர்த்தப்பட்டார்.

1799ஆம் ஆண்டுப் போரில் அவர் பொறுப்பு பெரிதாயிற்று. ஐதராபாத்துப் படையின் தலைவர் மீர் ஆலம். ஆங்கிலப் பெரும்படையின் தலைவர் ஹாரிஸ். மொழியும் வழக்கமும் வேறான இவ்விரு படைகளும் பிணங்காது ஒருங்கே செல்ல, இடைநின்று பேசியவர் மால்கம். மே 4ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. திப்பு சுல்தான் போரிட்டு மாண்டார். மைசூரின் எதிர்காலத்தை வகுத்த குழுவுக்கு மால்கமும் தாமஸ் மன்றோவும் செயலாளராயினர். சிறுவர் கிருஷ்ணராஜ உடையார் அரியணை ஏறினார். 1809இல் ஆங்கிலப் படைமுகாம் ஸ்ரீரங்கப்பட்டணத்தை விட்டுப் பெங்களூருக்கு வந்தது. அதன் பின்னே தமிழரும் வந்தனர்.

மால்கமோ பாரசீகத்துக்குத் தூது சென்றார்; 1815இல் அந்நாட்டு வரலாற்றை நூலாக வெளியிட்டார். 1827 முதல் 1830 வரை பம்பாய்க் கவர்னராயிருந்தார். தாயகம் திரும்பிப் பார்லிமெண்டு உறுப்பினராகி, 1833இல் மறைந்தார்.

அவர் கற்ற மொழி, பிறர் நாட்டை வெல்வதற்குக் கருவியாயிற்று என்பதை மறைப்பதற்கில்லை. நம் முன்னோர் பலர் அவ்வாளின் நிழலில் வந்தவர்களே. நாமோ இம்மண்ணில் அண்டை வீட்டாராய் வாழ்கின்றோம். ஆயினும், கன்னடம் அறியாமலே நாற்பதாண்டு கழித்துவிட்டதாகப் பெருமை பேசுவோரை நம்மிடையே காண்கின்றோம். ஆளவந்தவன் தன் நலங்கருதிப் பிறர்மொழி கற்றான். உடன்வாழ வந்த நாம் அன்பு கருதியேனும் கற்கவேண்டாவா?

நம் மக்கள் இல்லத்தில் தமிழைப் பிழையறக் கற்கட்டும். வாசலைக் கடந்ததும் கன்னடத்தில் இனிது உரையாடட்டும். இரண்டும் நமக்குப் பெருமையே.