மேற்கு ஆப்பிரிக்க ஆற்றுக்குருடு ஒழிப்புத் திட்டம்

மேற்கு ஆப்பிரிக்காவில் 1974 முதல் 2002 வரை நடந்த பன்னாட்டு உதவித் திட்டம். உலக வங்கி, உலக சுகாதார நிறுவனம், ஐ.நா. வளர்ச்சித் திட்டம், உணவு வேளாண்மை அமைப்பு ஆகிய நான்கும் சேர்ந்து தொடங்கின. களப்பணி சுகாதார நிறுவனத்திடமும் கொடையாளர்களிடம் பணம் திரட்டும் பொறுப்பு உலக வங்கியிடமும் இருந்தன. தலைமையகம் புர்கினா பாசோவின் வாகடூகு நகரில் இயங்கியது. முதலில் 7 நாடுகள், பின்னர் 11.

வேகமாக ஓடும் ஆற்றில் முட்டையிடும் ஒருவகைக் கருநிற ஈ கடிப்பதால் ஆற்றுக்குருடு நோய் பரவுகிறது. கடிவழியே உடலில் புகுந்த புழு தோலுக்கடியில் முடிச்சாகத் தங்கி எண்ணற்ற நுண்புழுக்களை ஈனும். தோல் ஓயாமல் அரிக்கும். நுண்புழு கண்ணை எட்டினால் நாளடைவில் பார்வை போகும். ஆற்றோரம்தான் வளமான மண். ஆனாலும் அதைத் தரிசாகப் போட்டுவிட்டு மக்கள் வறண்ட மேட்டுநிலத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். கண்ணிழந்த பெரியவரைச் சிறுவன் ஒருவன் கோல் பிடித்து நடத்திச் செல்வது அந்த ஊர்களில் அன்றாடக் காட்சி. உலக வங்கித் தலைவர் ராபர்ட் மெக்னமாரா 1972-ல் அங்கே போய் அதை நேரில் பார்த்தார்.

காற்றோடு பல நூறு கிலோமீட்டர் பறக்கும் ஈயை எந்த நாட்டாலும் தனித்துத் தடுக்க முடியாது. ஆகவே ஹெலிகாப்டர்கள் வாராவாரம் ஆறுகளில் டெமிபாஸ் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தன. ஈக்கள் அதற்குப் பழகியதும் மருந்துகளை மாற்றி மாற்றித் தெளித்தார்கள். மனித உடலில் முதிர்ந்த புழு சுமார் 15 ஆண்டு வாழும். அது சாகும்வரை ஈயைத் தலையெடுக்க விடக் கூடாது. பெரும்பாலான உதவித் திட்டங்கள் சில ஆண்டுகளில் கணக்கை முடித்துக்கொள்பவை. இங்கே காலக்கெடுவை வகுத்தது புழுவின் ஆயுள். கொடையாளர்களும் அதுவரை பொறுத்து நின்றார்கள். திட்டத்தின் உண்மையான சாதனை இதுவே.

1987-ல் மெர்க் நிறுவனம் ஐவர்மெக்டின் மாத்திரையைத் தேவைப்படும் காலம்வரை இலவசமாகத் தர முன்வந்தது. அது நுண்புழுவைத்தான் கொல்லும், தாய்ப்புழுவை அல்ல. ஆகவே ஆண்டுதோறும் விழுங்க வேண்டும். நாளடைவில் ஊரார் தாங்களே தேர்ந்தெடுத்தவர்கள் மாத்திரை வழங்கினார்கள். எடைபோடத் தராசு வேண்டியதில்லை. கோடிட்ட கம்பில் உயரம் பார்த்தே எத்தனை மாத்திரை என்று சொல்லிவிடலாம்.

சுமார் 6 லட்சம் பேரின் பார்வை காக்கப்பட்டதாகவும், 2.5 கோடி ஹெக்டேர் நிலம் மீண்டும் உழவுக்கும் குடியிருப்புக்கும் உகந்ததானதாகவும் மதிப்பிடப்படுகிறது. உள்நாட்டுப் போரால் சியரா லியோனில் வேலை தடைப்பட்டது. நைஜரில் நோய்ப் பரவல் அறவே நின்றுவிட்டதை 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. ஆப்பிரிக்காவில் அந்நிலையை எட்டிய முதல் நாடு அதுதான்.