ஒரு ஹெல்மெட்டின் கதை

மார்ச் பிறந்தால் எனக்குப் பாரிஸ்-நீஸ் சைக்கிள் பந்தயக் காய்ச்சல் வந்துவிடும். 1933-இல் ஆரம்பித்த பந்தயம். குளிரில் கிளம்பி, எட்டு நாள் ஓட்டி, வெயில் காயும் நீஸ் நகரில் முடிப்பார்கள்.

1991-இல் உலக சைக்கிள் சம்மேளனம் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கப் பார்த்தது. இதே பந்தயத்தில் வீரர்கள் ஸ்ட்ரைக் செய்தார்கள். வெயிலில் வேகிறதாம்! சம்மேளனம் பணிந்தது.

2003 மார்ச் 11. இதே பந்தயம். கசகஸ்தான் வீரர் ஆந்த்ரே கிவிலேவ் ஹெல்மெட் இல்லாமல் விழுந்தார். மறுநாள் இறந்தார். வயது 29. அந்த மே மாதமே ஹெல்மெட் கட்டாயமானது. பன்னிரண்டு வருஷம் தாமதம்.

இங்கே டாக்குரியா சந்துகளில் என் பையன் சைக்கிளில் டியூஷன் போகிறான். "பக்கத்துலதானேப்பா" என்பான். நேற்று கிவிலேவ் கதையைச் சொன்னேன். பேசாமல் மாட்டிக்கொண்டு போனான். தெருமுனை தாண்டியும் தலையில் இருந்ததா, தெரியாது.